இடப்பக்கம் ஒருக்களித்து

சுவரைப் பார்த்து இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொள்ளச் சொன்னார் சிஸ்டர். மருதாசலம் அப்படியே படுத்தார். வீட்டிலும் இப்படித்தானே தூங்குகிறோம், இதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் வீட்டில் தூங்கும்போது வேட்டி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். இங்கே அதை இடுப்புக்கு மேலே ஏற்றிவிட்டு, பதிலுக்கு ஒரு பச்சைத் துணியைப் போர்த்தியிருந்தார்கள். துணிக்கும் தோலுக்கும் நடுவில் ஏசிக் காற்று புகுந்து புகுந்து வந்தது. பேண்ட் போடாமல் வேட்டி கட்டிக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று, பெல்ட்டைக் கழற்றி ஜிப்பை இறக்கி என்று பாதியில் நின்றிருந்தால் அதற்குள்ளேயே மனசு மாறியிருக்கும். கண்ணுக்கு நேரே இளநீலச் சுவரில் யாரோ நகத்தால் கீறிய கோடு ஒன்று இருந்தது. தனக்கு முன்னால் இதே கட்டிலில் இதே மாதிரி சுருண்டு படுத்திருந்த யாரோ ஒருவர் செய்த வேலை. அவர் ஆணோ பெண்ணோ, அவருக்கு என்ன சொன்னார்களோ. "டாக்டர் கை கழுவிட்டு வர்றாங்க, அப்படியே இருங்ண்ணா" என்றார் சிஸ்டர். இந்தக் கோலத்தில் கிடக்கும் ஒருத்தனைப் பார்த்தும் இத்தனை சாதாரணமாக அண்ணா என்று கூப்பிட முடிகிறதே என்று நினைத்ததும் மருதாசலத்துக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் பின்பக்கமும் குலுங்குமே என்று அடக்கிக்கொண்டார். ஐம்பத்துநாலு வயது. அந்த இடத்தை அவரே பார்த்ததில்லை. சின்ன வயதில் அம்மா கழுவிவிட்டிருப்பாள். பிறகு இருட்டில், விளக்கை அணைத்த பிறகு, கோபால். வெளிச்சத்தில், டியூப்லைட்டுக்குக் கீழே, பெயரும் வயதும் கேட்டுவிட்டு ஒருவர் பார்ப்பது இன்றைக்குத்தான் முதல் தடவை. உடம்பில் மற்ற எல்லா இடத்துக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. நெஞ்சு வலி என்றால் ஊரே ஓடிவரும். கண், காது, பல் எல்லாவற்றுக்கும் தனித்தனி டாக்டர், தனித்தனி போர்டு. இதற்கு மட்டும் ரயில்வே கேட் பக்கத்துச் சுவரில் சிவப்பு எழுத்தில் மூலம் பவுத்திரம் என்று எழுதி ஒரு போன் நம்பர். அதையும் நின்று படிக்கக் கூச்சப்பட்டு, நடந்துகொண்டே ஓரக்கண்ணால் படித்துவிட்டுப் போகிறோம்.

அந்த நம்பரை ஓரக்கண்ணால் படித்தவன்தான் சபாபதி. வேண்டாம், சபாபதியை இப்போது நினைக்க வேண்டாம், பேக்கரியை நினைக்கலாம். ஒண்டிப்புதூர் மெயின்ரோட்டில் கடை, இன்றைக்கு மதியத்துக்கு மேல்தான் திறக்கும் என்று ஷட்டரில் சாக்பீஸால் எழுதிவிட்டு வந்தாயிற்று. காலையில் பிசைந்து மூடி வைத்த பன் மாவு இந்நேரம் உப்பியிருக்கும். ஈரத்துணியை விலக்கி விரலால் ஒரு குத்து குத்தினால் தெரிந்துவிடும், குழி மெதுவாக மேலே எழும்பி வந்தால் பதம், குத்தின இடம் அப்படியே கிடந்தால் புளித்துப் போச்சு. முப்பது வருஷமாகக் குத்துகிறார். மாவு ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. அட, சுற்றிச் சுற்றி விரலுக்கே வந்து நிற்கிறதே மனசு. எல்லாம் அந்தக் கவுன்சலர் மேடம் போட்ட விதை. மாசாமாசம் மாத்திரை வாங்கப் போகிற இடத்தில் அந்த மேடம் உட்கார்ந்திருப்பார். எச்.ஐ.வி. என்று தெரிந்த நாளிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ரத்தத்தில் இப்போது கிருமி கண்ணுக்கே தெரியாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது, கோபாலுக்கு ஒட்டவும் இல்லை, இனிமேல் ஒட்டவும் ஒட்டாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அந்த நிம்மதியில்தான் அந்த மேடம் ஒருநாள் கல்லைப் போட்டார். "உடம்புல இந்தக் கிருமி இருக்கறவங்களுக்கு, அதுலயும் ஆம்பளைங்களோட சேர்ந்து வாழறவங்களுக்கு, ஆசனவாயில கேன்சர் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட ஜாஸ்திங்க. பயப்படச் சொல்லலை. வருஷம் ஒரு தடவை டாக்டர்கிட்டப் போனீங்கன்னா விரலை விட்டுப் பாத்துருவாங்க. ரெண்டு நிமிஷ வேலை." சாப்பிடும் முன் கை கழுவுங்கள் என்று சொல்கிற குரலிலேயே சொன்னார். மருதாசலம்தான் கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். சரிங்க மேடம் என்றார். அடுத்த வருஷமும் சரிங்க மேடம் என்றார். கையைப் பார்க்கச் சொன்னால் நீட்டலாம், நாக்கைக் காட்டச் சொன்னால் காட்டலாம். இதை எப்படி, யாரிடம் போய், எந்த வார்த்தையில் கேட்பது. வார்த்தை வேண்டுமே முதலில். வீட்டில் சொல்கிற வார்த்தை ஆஸ்பத்திரியில் வாயில் வராது. ஆஸ்பத்திரி வார்த்தையைச் சொன்னால் வேறு யாருடைய உடம்பைப் பற்றியோ பேசுகிற மாதிரி இருக்கிறது.

சபாபதிக்கும் வார்த்தைதான் கிடைக்கவில்லை. கோபால் ஓட்டுகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் அவன். மருதாசலத்தையும் கோபாலையும் ஒரு டீக்கடையில் சேர்த்து உட்கார வைத்தவனும் அவன்தான், ரெண்டு பேரும் ஒரே மாதிரி முழிக்கறீங்க, பேசிப் பாருங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். எப்பேர்ப்பட்ட வாய். ஏறுகிற கூட்டத்தையும் இறங்குகிற கூட்டத்தையும் வாயாலேயே மேய்ப்பான். அந்த வாய்க்காரன் ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். என்னடா என்றால், "மூலம்டா. ஒக்காந்து ஓட்டறவனுக்கு வரலை, நின்னு டிக்கெட் கிழிக்கறவனுக்கு வந்துருக்கு பாரு" என்று கண்ணடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். மருதாசலமும்தான் சிரித்தார். மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறைகிற வரைக்கும் நின்று ஒரு டியூப் வாங்கிப் போட்டான், பிறகு அந்தச் சுவரில் இருந்த நம்பருக்குப் போனான், லேகியம் சாப்பிட்டான், காரம் புளி விட்டான். யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, அவனும் யாரையும் தொட விடவில்லை. வேலைக்கே போக முடியாமல் போன பிறகு கோபால்தான் திட்டி இழுத்துக்கொண்டு போனான். அப்போது அந்தக் கேன்சர் கட்டி எலுமிச்சம்பழம் அளவு இருந்ததாம். பார்த்த டாக்டர் கோபமாகக்கூடப் பேசவில்லை. சுண்டல் அளவு இருக்கும்போது ஒரு விரல் பட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று மட்டும் சொன்னாராம். சாவதற்கு முன்னால் சபாபதியை ஐ.சி.யூ.வுக்குள் வைத்திருந்த நாட்களில், சொந்தக்காரங்க யாரு என்று கேட்டபோது பொள்ளாச்சியிலிருந்து வந்த அவன் அண்ணன்தான் கை தூக்கினார். அவரை மட்டும் உள்ளே விட்டார்கள். கோபாலும் மருதாசலமும் வராந்தாவில், வேறு யாரையோ பார்க்க வந்தவர்கள் மாதிரி, தூணோடு தூணாக நின்றார்கள். போதும். வேண்டாம் என்று சொன்னாலும் சபாபதி உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறான், அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து.

திரைச்சீலை வளையங்கள் சரசரவென்று உரசின. "வணக்கங்க, நான் ரெஹானா. ரொம்ப நேரம் இப்படியே படுக்க வச்சுட்டமா?" பெண் குரல். கொஞ்சம் கரகரப்பான, தூக்கம் குறைவான குரல். பெண் டாக்டர் என்று முன்னாலேயே தெரியும், வெளியே போர்டில் பார்த்ததுதான், ஆனாலும் மருதாசலத்தின் கால்விரல்கள் தாமாக மடங்கிக்கொண்டன. "இல்லீங்க" என்றார் சுவரிடம். "ஒவ்வொண்ணையும் சொல்லிட்டுத்தான் செய்வேன். நிறுத்துங்கன்னா நிறுத்திருவேன். முதல்ல வெளியில இருந்து பாக்கறேன்." பச்சைத் துணி விலகியது. பார்க்கிறார். பார்க்கட்டும். என்ன பார்ப்பார், அங்கே என்ன இருக்கும், அங்கே எழுதியிருக்குமோ இந்த மனுஷன் இப்படி வாழ்ந்தவன் என்று. அப்படி எழுதியிருந்தால் படித்துவிட்டுத்தான் போகட்டுமே. "வெளியில தோல் நல்லா இருக்கு. புண்ணு, மரு எதுவும் இல்லை. இப்ப ஜெல்லி வைக்கறேன், சில்லுன்னு இருக்கும்." சில்லென்று இருந்தது. "இப்ப விரல். வாயைத் திறந்து மூச்சை வெளிய விடுங்க." மருதாசலம் மூச்சை விட்டார், விட்டு முடிப்பதற்குள் உடம்பு இறுகிக் கதவைச் சாத்தியது. டாக்டர் அவசரப்படவில்லை. விரல் வாசலிலேயே நின்றது, விருந்தாளி மாதிரி. "பரவால்லை. எல்லாருக்கும் அப்படித்தான். இன்னொரு தடவை விடுங்க." இந்த முறை விட்டபோது அது உள்ளே வந்துவிட்டது. வலி என்று சொல்ல முடியாது. நிறைவு மாதிரி ஒரு நெருக்கம். அடுத்த கணமே வந்தது நிஜமான பீதி. வெளிக்கு வருகிற மாதிரி இருக்கிறது, ஐயோ இந்த வெள்ளைக் கோட்டின்மேல், இந்தச் சிஸ்டர் முன்னால், ஐம்பத்துநாலு வயதில். காலையில்தான் இரண்டு தடவை போய்விட்டு வந்தாயிற்றே. "வெளிக்கு வர்ற மாதிரி இருக்கும்," என்றார் டாக்டர், மனசுக்குள் உட்கார்ந்திருந்தவர் மாதிரி, "ஆனா வராது. நான் கேரண்டி." சிஸ்டர் லேசாகச் சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது, இடுப்பு தானாகக் கட்டிலில் இறங்கியது. ஊரெல்லாம் பயப்படுகிற ஒரே பயம்தான் போலிருக்கிறது இது. கலெக்டர் வந்து படுத்தாலும் இதையேதான் நினைப்பார்.

விரல் சுற்றி வந்தது. அழுத்தி, விட்டு, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி அழுத்தி. வெளிச்சம் இல்லாத அறையில் சுவரைத் தடவித் தடவி ஸ்விட்சைத் தேடுகிற மாதிரி, ஆனால் அதைவிடப் பொறுமையாக. இவ்வளவு பொறுமையாகத் தன்னை யாராவது விசாரித்திருக்கிறார்களா என்று மருதாசலம் யோசித்தார். பிறகு விரல் நின்றது. நின்ற இடத்திலேயே ஒருமுறை அழுத்தியது. கொஞ்சம் தள்ளிப்போய், திரும்பி அதே இடத்துக்கு வந்தது. டாக்டர் பேசவில்லை. இதுவரை ஒவ்வொன்றுக்கும் பேசியவர் இப்போது பேசவில்லை. சுவரில் இருந்த கோடு பெரிதாகத் தெரிந்தது. சுண்டல் அளவு என்றால் எந்தச் சுண்டல், வெள்ளைச் சுண்டலா கறுப்புச் சுண்டலா, ஊற வைத்ததா ஊற வைக்காததா. வந்துவிட்டதா. சரி, வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பேக்கரியை யார் பார்ப்பது. கோபாலுக்கு ஓவனைப் பற்ற வைக்கவே தெரியாது, ஸ்டீயரிங்கைத் தவிர வேறு எதைப் பிடித்தாலும் கைநடுங்குகிற ஆள். கோபாலுக்குச் சாப்பாடு. அவன் வைக்கிற ரசத்தில் உப்பு இருக்காது, கேட்டால் பிரஷர் வரும் என்பான், பிரஷர் அவனுக்கு இல்லை, எனக்கும் இல்லை. ரசம் இருக்கட்டும். ஆபரேஷன் என்றால் கையெழுத்துக்கு யாரைக் கூப்பிடுவார்கள். அக்கா மகன் திருப்பூரில் இருக்கிறான், அவனைத் தேடிப் பிடிப்பார்கள், அவன் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பேசுகிற பையன், அவன் வந்து உள்ளே நிற்பான். கோபால் வெளியே தூணோரம் நிற்பான். கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான். யாராவது கேட்டால், தெரிஞ்சவருங்க, ஒரே வீட்ல வாடகைக்கு இருக்கறோம் என்பான். ஒரே வீட்டில் வாடகைக்கு. இருபது வருஷம் ஒருத்தன் துணியை ஒருத்தன் மடித்து வைத்ததற்கு அதுதான் பெயர். கட்டியைவிட அந்த நினைப்புத்தான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. டாக்டரம்மா, எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

"கொஞ்சம் முக்குங்க. வெளிக்குப் போற மாதிரி." முக்கினார். "சரி, விடுங்க. இங்க அழுத்தினா வலிக்குதா?"

"இல்லீங்க."

"எப்பவாவது இங்க வெடிப்பு விட்டு ரத்தம் வந்துருக்கா? ரொம்ப நாளைக்கு முன்னாலயாவது?"

யோசித்தார். வந்திருக்கிறது. கடை ஆரம்பித்த புதிதில், தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓவன் முன்னால் நின்ற அந்தக் கோடையில், ஒரு மாதம்போல எரிச்சலும் ரத்தமுமாக இருந்து தானாகச் சரியானது. அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. "வந்துதுங்க, கடை வச்ச புதுசுல" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"அதுதான். வெடிப்பு ஆறின தழும்பு. மெத்துன்னு இருக்கு, சுத்தி கெட்டியா எதுவும் இல்லை. கட்டி எதுவும் தட்டுப்படலை." விரல் வெளியே வந்தது, உள்ளே வந்ததைவிட எளிதாக. கையுறையை உரித்துக் கூடையில் போடும் சத்தம். "தொடை இடுக்குல நெறி கட்டிருக்கான்னு மட்டும் பாத்துர்றேன்." இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். "இல்லை. முடிஞ்சுதுங்க."

முடிஞ்சுது. அவ்வளவுதானா. இரண்டு வருஷமாகத் தள்ளிப் போட்டதும், நேற்று இட்லி இறங்காமல் விழித்துக்கொண்டிருந்ததும், காலையில் பஸ் ஏறும்போது செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டதும் இதற்கா. மருதாசலம் உடனே எழவில்லை. சிஸ்டர் நீட்டிய டிஷ்யூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். கால்கள் லேசாக இருந்தன, முதுகுக்குள் எங்கோ வெதுவெதுப்பு ஏறியது. நல்ல வெயிலில் காய்ந்த போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்ட மாதிரி. ஏசிக் காற்று இப்போது நன்றாக இருந்தது, திரைச்சீலைக்கு அந்தப்புறம் சிஸ்டர் யாரிடமோ போனில் சாம்பாருக்கு முருங்கைக்காய் வாங்கச் சொல்வதும் நன்றாக இருந்தது. உலகத்தில் இவ்வளவு முருங்கைக்காய் காய்க்கிறது. சபாபதிக்கு ஒருவர் இப்படிச் செய்திருக்கலாம் என்ற நினைப்பு வந்து நின்றது, இந்தத் தடவை அதைத் துரத்தவில்லை. துக்கம் ஒரு ஓரத்திலும் இந்தச் சுகம் இன்னொரு ஓரத்திலுமாக, ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டன. அவர் எழுந்து வேட்டியை அவிழ்த்துச் சீராகக் கட்டினார்.

டாக்டர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தபோதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும், முக்காட்டுக்கு வெளியே ஒரு நரைமுடி. "இன்னைக்கு என் விரலுக்கு எதுவும் தட்டுப்படலை. இதோட ஆயுசுக்கும் முடிஞ்சுதுன்னு நினைச்சுக்காதீங்க, சிலது விரலுக்குச் சிக்காது. அடுத்த வருஷமும் வரணும். நடுவுல ரத்தம், கட்டி, அரிப்பு எது வந்தாலும், மூலம்னு நீங்களே முடிவு பண்ணாம வந்து காட்டணும். சரிங்களா?" சரிங்க என்று தலையாட்டினார். அப்புறம் டாக்டர் கேட்டார். "கூட யாராவது வந்துருக்காங்களா?"

மருதாசலம் வாயைத் திறந்தார். தம்பி வந்துருக்கானுங்க என்பது நாக்கின் நுனியிலேயே இருந்தது. வீட்டு ஓனரிடம், ரேஷன் கடையில், கோபாலின் டிப்போவில் என்று வழவழப்பாகத் தேய்ந்த சொல், யோசிக்காமலே வந்துவிடும். ஆனால் இன்றைக்கு அதை எடுத்து மாட்டிக்கொள்வது வேடிக்கையாகப் பட்டது. இந்த அம்மாளுக்குத் தெரியாதது தன்னிடம் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது. பார்க்க இருப்பதிலேயே பெரியதை அவர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகுமா ஒரு தம்பி.

"என் வீட்டுக்காரர் வந்துருக்காருங்க" என்றார். காது சுட்டது. "கோபால்னு பேரு. இருபது வருஷமா ஒண்ணா இருக்கறோம்."

டாக்டர் பேனாவைக்கூட நிறுத்தவில்லை. "அவருக்கு என்ன வயசு?"

"நாப்பத்தெட்டுங்க."

"அவருக்கும் எச்.ஐ.வி. இருக்கா?"

"இல்லீங்க. வருஷாவருஷம் ரத்தம் பாத்துக்கறான்."

"கிருமி இல்லைன்னாலும், ஆம்பளைங்களோட சேர்ந்து வாழறவங்க நாப்பத்தஞ்சு தாண்டினா இதைப் பாத்துக்கறது நல்லது. வந்தது வந்தாரு, இன்னைக்கே வரச் சொல்லுங்க. அவருக்கு இஷ்டம் இருந்தா."

வராந்தாவில் கோபால் சுவரோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், பிரேக்கில் காலை வைத்திருக்கிற மாதிரி வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. மருதாசலம் வருவதைப் பார்த்தும் எழவில்லை. முகத்தை மட்டும் தூக்கினான்.

"ஒண்ணுமில்ல" என்றார் மருதாசலம். "பழைய தழும்பு ஒண்ணு இருக்குதாம். கட்டி கிட்டி எதுவுமில்ல."

கோபால் தலையைக் குனிந்துகொண்டான். கழுத்துப் பின்னால் அவனுக்கு வியர்த்திருந்தது. மருதாசலம் பக்கத்தில் உட்கார்ந்தார், உட்காரும்போது லேசாகப் பிசுபிசுத்தது, அதுவும் பரவாயில்லை.

"டாக்டர்கிட்ட நீ யாருன்னு சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"வீட்டுக்காரர்னு."

கோபால் இரண்டு பக்கமும் பார்த்தான். "தம்பின்னு சொல்லிருக்கலாமில்ல, மருது."

"சொல்லிருக்கலாம்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"உனக்கு என்ன வயசுன்னு கேட்டாங்க."

"அவ்வளவுதானா?" கோபாலின் குரலில் ஒரு ஏமாற்றமே இருந்தது, இத்தனை வருஷம் பூட்டி வைத்ததை யாரோ திறந்து பார்த்து, இதுதானா என்று மூடி வைத்த மாதிரி. பிறகு காது மடல் வரை சிவந்து, தரையைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தான். மருதாசலம் அதைக் கவனிக்காதவர் மாதிரி இருந்தார்.

"உன்னையும் உள்ள வரச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"எனக்குப் பாத்ததுக்குத்தான்."

கோபால் சட்டென்று எழுந்து நின்றான், ஓடப் போகிறான் என்றுதான் மருதாசலம் நினைத்தார். "லேடி டாக்டரு" என்றான். ஆமாம் என்றார். "நான் பேண்ட் போட்டுட்டு வந்துருக்கேன்" என்றான். கழட்டினாப் போவுது என்றார். வலிக்குமா என்று கேட்கவில்லை, கேட்க மாட்டான், ஆனால் அவன் கண் அதைத்தான் கேட்டது. "வலிக்காது. வெளிக்கு வர்ற மாதிரி இருக்கும், ஆனா வராது" என்றார் மருதாசலம், அதைச் சொல்லும்போது ஏதோ பெரிய படிப்புப் படித்தவர் மாதிரி இருந்தது அவருக்கு. அப்படியும் கோபால் நகரவில்லை. எத்தனையோ மேட்டிலும் பள்ளத்திலும் பஸ்ஸைத் திருப்பியவன், அறைக்கதவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். பிறகு சபாபதியின் பெயரைச் சொன்னான். சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்த போனையும் சில்லறையையும் எடுத்து மருதாசலத்தின் கையில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

கதவு மூடவில்லை. சிஸ்டர் தலையை நீட்டினார். "நீங்க ஏங்ண்ணா வெளிய உக்காந்துருக்கீங்க? வீட்டாளுங்க ஒருத்தர் கூட இருக்கலாம். அவரு வேற ரொம்பப் பயப்படறாரு. வாங்க."

மருதாசலத்துக்கு முதலில் அது தன்னிடம் சொன்னதுதானா என்று சந்தேகம். திரும்பிப் பார்த்தார், பின்னால் யாரும் இல்லை. எழுந்து உள்ளே போனார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் இருந்தது, அங்கே போய் நிற்கச் சொன்னார்கள். கோபால் இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக் கிடந்தான். யாரோ பக்கத்தில் நிற்பது தெரிந்து கண்ணைத் திறந்தான். "மொகத்தைப் பாக்காத, சிரிப்பு வருது" என்றான் மெதுவாக. சிரிப்பு வருகிற முகமாக அது இல்லை. மருதாசலம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் பார்த்தார், டாக்டர் பார்த்தார், கை அங்கேயே இருந்தது.

"இப்ப விரல்," என்றார் டாக்டர். "வாயைத் திறந்து மூச்சை வெளிய விடுங்க."

கோபால் விட்டான். மருதாசலமும் விட்டார்.